கங்காணி இல்லாத மலை

தெல்கஸ்கந்த தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பொம்பளை ஒருத்தியைக் கங்காணியாகப் போட்டார்கள் என்றால் அது செலினாவைத்தான். அதற்கு முன்னால் அப்படி ஒரு வழக்கம் அங்கே கிடையாது. செய்தி தொழிலாளர் லயத்துக்கு வந்து சேருவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. புருசன்காரன் அமல்ராஜ் தொரையின் பங்களாவுக்கு நாட்டுக்கோழி கொண்டுபோனான் என்றார்கள். கள்ளுத் தவறணை வாசலில் ஒருவர், பெட்டைக்கோழி கூவினால் மழை விடாது என்றார். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் மழை விடுகிற மாசம் எது என்று அவரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

செலினாவுக்கு முன்னால் கங்காணியாக இருந்தவர் செல்லையா. அவர் சத்தம் போட்டால் ஓயா ஆற்றுக்கு அந்தப்புறம் சிங்கள ஊரில் நெல் காயப்போடுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அம்மாவையும் பாட்டியையும் சேர்த்துத்தான் அவருக்குத் திட்ட வரும். அவரிடம் வாங்கிய திட்டெல்லாம் செலினாவுக்குத் தோலில் ஒட்டிக்கிடந்தது. தான் கங்காணியானால் ஒருத்தியையும் அப்படிப் பேசக்கூடாது என்று வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டாள். சொன்னபடியே யாரையும் பேசவும் இல்லை. அதற்குப் பதிலாக எல்லா வேலையையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

விடியக்காலம் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆள் கூடுவதற்கு முன்னால் அவள் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். யாருக்கு எந்த நிரை, யார் எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்று எல்லாம் அவள் மனசில் முடிவாகியிருக்கும். தேயிலைச் செடிகளை ஒரே உயரத்தில் வைத்துக் கிள்ளுவதற்கு ஒரு கம்பு உண்டு. மட்டக்குச்சி என்பார்கள். அதை ஒருத்தி கையிலும் கொடுக்கமாட்டாள். தானே ஒவ்வொரு நிரையாகப் போய் வைத்துப் பார்ப்பாள். எங்கேயாவது மட்டம் தப்பியிருந்தால், கிள்ளியவளைக் கூப்பிடாமல் தானே நின்று சரி பண்ணுவாள். ஒரு பிழை வந்தாலும் "பொம்பளையப் போட்டா இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்களே, அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் இன்னொரு பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுப்பார்களா என்ற பயம் அவளை உறங்கவிடவில்லை.

அந்த வருசம் பயத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. பாறைமலை என்று ஒரு மலை. கவ்வாத்து வெட்டி, மொட்டையாக நின்று, இப்போதுதான் துளிர் எழும்பிக்கொண்டிருந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை ஒருநாள் அங்கே வந்து நின்றார். கூடவே கணக்கப்பிள்ளை இராமசாமி.

"செலினா, இந்த மலைய ஒங்க கேங்குக்கே விட்டுடுறேன்" என்றார் தொரை, பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும். "கொழுந்து, புல்லு, தண்ணி ஓடுற கான், எல்லாம் நீங்களே பாத்துக்கங்க. யாரும் வந்து ஏன்னு கேக்கமாட்டாங்க. இந்த மழை முடியிறப்ப வந்து பாப்பேன். நல்லா இருந்தா ஒங்ககிட்டேயே இருக்கும். இல்லாட்டி வெளியாளுக்குக் கொந்தராத்துல குடுத்துடுவோம். நீங்க மேல்பிரிவுக்குப் போகணும்."

மேல்பிரிவு என்றால் செங்குத்தான ஏற்றம். பிள்ளைகளை விட்டுவருகிற பிள்ளைக் காம்பரா கீழே. பால்குடிக்கிற பிள்ளை வைத்திருக்கிற பிரேமலதா மாதிரிப் பெண்கள் வேலையை விட வேண்டியதுதான். முழங்கால் தேய்ந்துபோன, சின்னம்மா என்ற மூத்த கொழுந்துக்காரிக்கும் அதே கதிதான். அதெல்லாம் செலினாவுக்குத் தெரியும். அதனால் மட்டக்குச்சியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சின்னம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. வயசிலும் வேலையிலும் சின்னம்மாதான் மூத்தவள். ஒருதரம் சின்னம்மா கிள்ளிய கொழுந்தில் முத்தல் இலை கிடந்ததைச் செலினா எல்லாருக்கும் முன்னால் கையில் எடுத்து, ஒன்றும் பேசாமல், பொறுக்கிக் கீழே போட்டாள். திட்டியிருந்தால் சின்னம்மா பதிலுக்கு நாலு திட்டிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பாள். பேசாமல் பொறுக்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதிலிருந்து "ஆமா", "இல்ல" என்பதோடு சரி.

"அக்கா, அந்தக் குச்சியக் கொஞ்சம் குடுங்களேன். இந்தப் பக்கம் நான் பாக்குறேன்" என்று ஒருநாள் சுமித்ரா கேட்டாள். சாதாரணதரப் பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை. அவிசாவளைப் பக்கம் தையல் ஃபேக்டரிக்குப் போகப்போகிறேன் என்று ஒவ்வொரு மாசமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் புள்ள. நீ ஒன் நிரையப் பாரு. நான் பாத்துக்குறேன்."

பக்கத்து நிரையிலிருந்து சின்னம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "கேக்காதடி. நாமெல்லாம் கையி. தலை அவ ஒருத்திக்குத்தான் இருக்கு."

செலினா கேட்காத மாதிரி நடந்துவிட்டாள்.

*

அமல்ராஜ் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவன். காலையில் பால் எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் ஓயாவுக்கு அப்பால் ஒரு சிங்கள மாத்தயாவின் வயலுக்குப் போவான். அந்த வயல் சேற்றிலேதான் அவனுக்கு வந்தது வந்திருக்க வேண்டும்.

முதலில் காய்ச்சல் என்றான். அப்புறம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். காலையில் செலினா சுட்டு வைத்த ரொட்டியும் கட்ட சம்பலும் அப்படியே இருந்தன. அந்தச் சம்பலுக்கு ரெண்டு ரொட்டி கூடுதலாகக் கேட்கிற ஆள் அவன்.

"என்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோமா?"

"மழைக் காய்ச்சல்தான். ரெண்டு பெனடோல் போட்டிருக்கேன். நீ போ, மலையப் பாரு. தொரை வர்ற நேரம்."

அவள் போனாள். அன்றைக்குப் போயிருக்கக்கூடாது என்று பிற்பாடு பலதரம் நினைத்துக்கொண்டாள். வெயில் ஏறி, கூடைகள் பாதி நிறைந்திருந்த வேளையில் மகள் மெரினா பள்ளிக்கூட உடுப்போடு மூச்சிரைக்க மேலே ஓடிவந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அன்றைக்கு அப்பாவைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றிருக்கிறாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. நேத்துலருந்து ஒண்ணுக்கே போகலயாம். யார்கிட்டயும் சொல்லவேயில்ல."

செலினா நிரை நடுவில் மட்டக்குச்சியோடு நின்றாள். இந்தப் பக்கம் இன்னும் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் நாளைக்கு யார் தொடங்குவது என்று யாரிடமும் சொல்லவில்லை, கான் வெட்ட ஆள் பிரிக்கவில்லை. எல்லாம் அவள் தலைக்குள்ளே இருந்தது. எதை எடுத்து யார் கையில் கொடுப்பது?

சின்னம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவந்து அவள் கையிலிருந்த குச்சியை உருவினாள்.

"இதக் கொண்டா. ஆஸ்பத்திரிக்கு இதையா தூக்கிட்டுப் போகப்போற? ஓடு."

"அக்கா, அந்த மேட்டுல..."

"மேடு எங்கயும் போகாது. ஓடுன்னா ஓடு."

பஜாரிலிருந்து அப்ஹம் தன் த்ரீவீலரைக் கொண்டுவந்தான். லயத்து வாசல்வரை ஏற முடியாத பாதையில் கல்லைப் புரட்டிப்போட்டு ஏற்றினான். அமல்ராஜைப் பின்னால் சாய்த்து, செலினா அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அப்ஹம் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே வந்தான். "பயப்படாதீங்க அக்கா, எங்க மாமாவுக்கும் எலிக்காய்ச்சல்தான் வந்திச்சி. இப்ப மீன்கடை போட்டிருக்காரு. ஆள் கல்லு மாதிரி." எலிக்காய்ச்சல் என்ற பேரை முதலில் சொன்னது டாக்டர் இல்லை, அப்ஹம்தான்.

*

கேகாலைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நோனா மெதுவாக, சிங்களத்தில், அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். சிறுநீரகம் வேலை செய்வது குறைந்துவிட்டது. மெஷினில் போட்டு ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். சரியாக வரலாம். பொறுத்துப் பார்க்கணும்.

பொறுத்துப் பார்க்கச் செலினாவுக்குத் தெரியாது. ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஆண்கள் வார்டின் வெளித்தாழ்வாரத்தில் சிமெண்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாள்.

"சுமித்ரா, பாறைக்குக் கீழ இருக்கிற நிரைய முதல்ல எடுங்க. பிரேமலதாவ மேட்டுக்கு அனுப்பு. சின்னம்மாக்காகிட்ட சொல்லு, குச்சிய ரொம்ப அமுக்கி வைக்கவேணாம்னு."

மத்தியானம் மறுபடி எடுத்தாள். சாயங்காலம் மறுபடி. அடுத்தநாள் காலையில் ஃபோனை எடுத்தது சுமித்ரா இல்லை.

"யாரு, செலினாவா? நான் சின்னம்மா பேசுறேன். அமலு எப்படி இருக்கு?"

"மெஷின்ல போட்டிருக்காங்க அக்கா. இன்னும் ஒண்ணும் சொல்லல. அக்கா, அந்த மேட்டு நிரை..."

"இங்க பாரு புள்ள. நீ புருசன் கால் மாட்டுல உக்காரு. இந்த ஃபோன இனிமே மலைக்குக் கொண்டுவரவேணாம்னு சுமித்ராகிட்ட சொல்லிட்டேன். மழையில நனைஞ்சி கெட்டுப்போகுது."

"அக்கா, தொரை வந்தா என்னா சொல்லுவீங்க?"

"வாயி இருக்கில்ல, ஏதாச்சும் சொல்லுவோம். மெரினா எங்க வீட்டுலதான் இருக்கு. காலையில இட்லி அவிச்சிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சி. வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். செலினாவுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அழுகை. மூன்று நாலு தரம் திருப்பி எடுத்தும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான மனிதர். அவருக்குத் துணையாக அரநாயக்கவிலிருந்து வந்த சிங்கள அம்மா ஒருத்தி. செலினா அன்றைக்கு முழுக்கத் தேத்தண்ணியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்பதை அந்த அம்மா பார்த்திருக்கிறாள். வாழையிலைச் சோற்றுப் பொதியைப் பிரித்து, பலாக்கொட்டைக் கறியும் கீரை மல்லுங்கும் வைத்து, பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் அம்மே, நீங்க சாப்பிடுங்க" என்றாள் செலினா சிங்களத்தில்.

"சாப்பிடு மகளே. எங்க ஊர்ல மலை சரிஞ்ச வருசம் ஒரு தட்டுகூட இல்லாம நின்னேன். யாரோ ஒரு பொம்பளை, பேர்கூடத் தெரியாது, எனக்குச் சோறு ஊட்டிவிட்டா. நானும் அன்னிக்கு வேணாம் வேணாம்னுதான் சொன்னேன். வாங்கிக்கிறதுக்கும் பழகணும்."

இரவில் ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கமுடியாது. அந்த அம்மாவின் தங்கச்சி வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. கேட்காமலே செலினாவையும் கூட்டிக்கொண்டு போனாள். பாயும், ஒரு பழைய சீத்தைச் சட்டையும், காலையில் முகம் கழுவச் சுடுதண்ணியும் கிடைத்தன. தன் வீட்டில் செலினாவுக்கு யாரும் சுடுதண்ணி வைத்துத் தந்ததாக ஞாபகம் இல்லை.

அமல்ராஜ் கொஞ்சம் தெளிந்து கண் திறந்தபோது முதலில் கேட்டது, "மலை என்னாச்சி?" என்றுதான்.

"யாருக்குத் தெரியும்? ஃபோன எடுக்கமாட்டேங்குறாளுக."

அவன் உதட்டோரம் சிரித்தான். உதடு வெடித்துக் கிடந்தது. "பின்ன? நீ இங்கருந்து நிரை பிரிச்சா அவங்க எப்படிப் பாப்பாங்க?"

"நான் சொல்லாட்டி எவளுக்குத் தெரியும்?"

"ஒனக்கு முன்னாடி அவங்க கொழுந்தே எடுக்கலயா செலினா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வீட்டுலயும் அப்படித்தான். ஒரு தேங்கா திருவ என்னைய விடமாட்ட. திருவினா, நல்லா இல்லன்னு நீ மறுபடி திருவுவ. அப்பறம் நான் ஏன் திருவணும்?"

நோயாளியிடம் சண்டை பிடிக்கமுடியாது. அவள் எழுந்து தண்ணிப் போத்தலை நிரப்பப் போனாள். குழாயடியில் நெடுநேரம் நின்றாள்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காலையில் நர்ஸ் மிஸ்ஸிமார் ஓடிவந்தார்கள். அமல்ராஜுக்கு மூத்திரம் இறங்கியிருந்தது. கொஞ்சமாக இல்லை, போத்தல் நிறைய. ஒரு மனுசன் ஒண்ணுக்குப் போனதற்கு ஒரு வார்டே சந்தோசப்பட்டதைச் செலினா அன்றைக்குத்தான் பார்த்தாள். அரநாயக்க அம்மா கைகூப்பி "சாது, சாது" என்றாள். செலினா சிலுவை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே அந்தப் போத்தலைப் பார்த்துச் சிரித்தாள்.

*

ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் சில நாள் படுக்கணும் என்றார்கள். மாற்றுத்துணி எடுத்துவரச் செலினா ஒரு காலை பஸ் ஏறினாள். தோட்டத்து வளைவில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே பாறைமலைக்கு நடந்தாள். கால் தானாகப் போயிற்று.

ரோட்டுக்கு மேலே ஒரு பலாமரம். அதற்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவள் பிரித்துக் கொடுத்திருந்த ஒழுங்கு ஒன்றும் அங்கே இல்லை. பிரேமலதா மேட்டில் இல்லை. பிள்ளைக் காம்பராவுக்கு இறங்குகிற பாதையோரத்து நிரையில் நின்றாள். பால் கொடுக்கப் போய்வர அதுதான் லேசு. சின்னம்மா சமதரையில் இருந்தாள். கால் உறுதியான பிள்ளைகள் மேட்டில் இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும் என்பதால் நேரத்தோடு தொடங்கியிருக்கிறார்கள். அந்நேரத்துக்கே கூடைகள் நிறைந்திருந்தன. சுமித்ரா மட்டக்குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நிரை நிரையாக வந்தாள். சின்னம்மாவிடம் வந்ததும் நின்று, குனிந்து, காதோடு ஏதோ சொன்னாள்.

இப்போது சின்னம்மா கூடையை வீசி எறியப்போகிறாள் என்று செலினா நினைத்தாள்.

சின்னம்மா சிரித்தாள். "எங்கடி? ஆமா, கீழ கிள்ளிட்டேன். கண்ணு மங்கிப்போச்சி. இனிமே நீ எனக்கு முன்னால போ, நான் ஒன் கையப் பாத்துக் கிள்ளுறேன்."

அவ்வளவுதான். ஒரு மாசம் பேசாமல் இருந்த சின்னம்மா. தன்னால் முடியாததை அந்தச் சின்னப்பிள்ளை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டது. செலினாவுக்குச் சுருக்கென்று குத்தியது. ஊரே பத்தி எரியும் என்று நினைத்து ஓடிவந்தவளுக்கு, எல்லாரும் சோறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? நல்லதுதான். ஆனால் அந்த நல்லதில் தனக்கு ஒரு இடம் தெரியவில்லை. ரோட்டோரத்துக் கான் மண் சேர்ந்து அடைபட்டுக் கிடப்பது அவள் கண்ணில் பட்டது. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த நினைப்புக்காக உடனே வெட்கப்பட்டாள்.

பிரேமலதாதான் அவளைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, அக்கா வந்துருச்சி!"

எல்லாரும் கூடையோடு இறங்கி வந்தார்கள். முதல் கேள்வி எல்லார் வாயிலும் ஒன்றுதான்: "அண்ணன் எப்படி இருக்கு?" ஒண்ணுக்குப் போன கதையைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. ஒருத்தி அழுதாள்.

கொழுந்து நிறுக்கிற இடத்துக் கொட்டகையில் அவளை உட்காரவைத்தார்கள். ஒருத்தி தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றினாள். ஒருத்தி ரொட்டியைப் பிய்த்து வைத்தாள். சின்னம்மா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"தொரை வந்துட்டுப் போயிட்டாரு" என்றாள், வெற்றிலை போடுவது மாதிரிச் சாதாரணமாக.

செலினா கோப்பையைக் கீழே வைத்தாள். "எப்ப? என்னா சொன்னாரு?"

"சுமித்ரா, நீ சொல்லுடி."

"நீங்களே சொல்லுங்கக்கா."

"சரி, நானே சொல்றேன். கணக்கப்பிள்ளையோட வந்தாரு. மலைய சுத்திப் பாத்தாரு. குச்சிய வாங்கி அவரே வச்சிப் பாத்தாரு. கங்காணி எங்கன்னாரு. ஆஸ்பத்திரியிலன்னோம். அப்ப யாரு வேலை சொல்றதுன்னாரு. நாங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்குறோம். யாரு சொன்னா? நிரைய மாத்தினது பிரேமலதா. நேரத்தோட வரணும்னு சொன்னது யாருன்னே ஞாபகம் இல்ல. குச்சி இவகிட்ட. அவருக்கு ஒண்ணும் வெளங்கல. கணக்கப்பிள்ளை சொல்றாரு, யாராவது ஒருத்தி பேர் சொல்லுங்கம்மா, தொரை கேக்குறாருல்லன்னு."

"அப்பறம்?"

"அப்பறம் எனக்கு வாயி சும்மா இருக்குமா? எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல சொன்னேன். தொரை, முந்தியெல்லாம் இந்த மலையில எங்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு கெடையாது. பொம்பளைங்க தண்ணி குடிக்காம வேலை செஞ்சோம். மூத்திரம் அடக்கியே பாதிப் பேருக்கு வியாதி. செல்லையா கங்காணிகிட்ட அதச் சொல்ல முடியுமா? செலினா வந்துதான் ஒங்க ஆபீசு வாசல்ல நின்னா. நீங்க மூணு தரம் போன்னு சொன்னீங்க. அவ போகல. இப்ப இந்தா, கொட்டகைக்குப் பின்னால கக்கூசு நிக்குது, பைப்பு நிக்குது. அன்னிக்கு எங்களுக்குத் தெரிஞ்சிருச்சி, நம்ம கேக்கலாம், கேட்டா கெடைக்கும்னு. அதுக்கப்பறந்தான் இதெல்லாம். இந்த நிரை மாத்துறது எல்லாம் அதுக்குப் பொறகு வந்த தைரியம். அப்படின்னு சொன்னேன்."

"அக்கா 'கக்கூசு'ன்னு சொன்னப்ப தொரை மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்" என்றாள் சுமித்ரா.

"சிரிச்சாரா?"

"சிரிக்கல. தொப்பிய எடுத்துட்டு மறுபடி போட்டுக்கிட்டாரு. 'ஹரி, சரி, மலை ஒங்களுக்குத்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கக்கூசுக்காகப் போய் நின்றது செலினாவுக்கு மறந்தேபோயிருந்தது. கங்காணி வேலை என்றால் கொழுந்து, மட்டம், கணக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவர்கள் எதை எடுத்து வைத்துக்கொண்டார்கள் பார்.

"கோபமா?" என்று கேட்டாள் சின்னம்மா, குரலைத் தாழ்த்தி.

"எனக்கு என்னா கோபம்? நீங்கதான் என்மேல கோபமா இருந்தீங்க."

"இருந்தேன். அந்த முத்தல் இலைய நீ பொறுக்கிப் போட்டப்ப, என்னையவே பொறுக்கிப் போட்ட மாதிரி இருந்திச்சி. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்ல?"

"ஏசக்கூடாதுன்னு நேந்திருந்தேன் அக்கா."

சின்னம்மா கொட்டகை அதிரச் சிரித்தாள். "அட பாவி! இப்படியும் ஒரு நேத்தியா? நானும் ஒண்ணு நேந்திருக்கேன். அமலு எழும்பி வந்தா மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன்னு. நேந்தது நானு, பொங்க வேண்டியது நீ. வேதக்காரி, வரமாட்டேன்னு சொல்லிறாத."

"வருவேன் அக்கா" என்றாள் செலினா. அவள் கையைச் சின்னம்மாவின் தேய்ந்த முழங்காலின்மேல் வைத்தாள்.

சாயங்காலம் லயத்துக்குப் போய்ப் பார்த்தால், வீடு கூட்டியிருந்தது. அமல்ராஜின் ரப்பர் வெட்டுக்கு வேறொருத்தர் போய், அவன் பேரில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். மெரினா சின்னம்மா வீட்டு விளக்கடியில் கணிதப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுமித்ரா வேலை முடிந்து வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

"அம்மா, அன்னிக்கு ஒரு நாளத் தவிர நான் பள்ளிக்கூடம் மறிக்கவேயில்ல" என்றாள் மெரினா. "ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொன்னா எல்லாரும் அடிக்க வர்றாங்க."

*

அமல்ராஜ் வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தான். அப்ஹம் அவனைப் பிடித்து இறக்கி, வாசல்வரை நடத்திக்கொண்டுவந்து, "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று பெருமைப்பட்டுக்கொண்டு போனான். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் செலினா பொங்கல் வைத்தாள். ஈர விறகு புகைந்து கண்ணெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்றிப் பூசை. சின்னம்மா கடைசி வாங்கில் முக்காடு போட்டுக்கொண்டு, எப்போது எழும்புவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல், எல்லாரையும் பார்த்து எழும்பி உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் அமல்ராஜ் தேங்காய் திருவினான். மெதுவாக, நடுவில் ஓய்வெடுத்து. ஓட்டுச் சீவலும் கொஞ்சம் விழுந்தது. செலினா பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அப்படியே அள்ளிச் சம்பல் இடித்தாள்.

மறுநாள் பெரட்டுக் களம். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் செலினாவைப் பார்த்தார்கள். பழக்கத்தில் அவள் வாய் திறந்தது. பாறைக்குக் கீழ், மேட்டுநிரை, கான் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு எங்க தொடங்கலாம்?" என்று கேட்டாள்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை இராமசாமி குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். செலினாவுக்கு அந்தச் சும்மா நிற்கிற நேரம் கங்காணியான நாளிலிருந்து பட்ட பாட்டைவிடப் பெரிசாக இருந்தது.

"கான் அடைஞ்சி கெடக்குது" என்றாள் பிரேமலதா. "நாங்க அதப் பாக்காம விட்டுட்டோம். அத முதல்ல எடுக்கணும்."

"கான் எடுத்தா கொழுந்து முத்திப்போகும்" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டாப் பிரிஞ்சா என்னா?"

"யாரு கானுக்கு? நான் போன வாரம் போயிட்டேன்."

"நீ எங்க போன? வெத்தல போட்டுக்கிட்டு நின்ன."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். சண்டையா பேச்சா என்று தெரியாத சத்தம். செலினா நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை, கான் மண்ணை ரோட்டில் போட்டால் மழைக்குத் திரும்ப வரும், மேல்பக்கம் போடணும் என்று சொன்னாள். அதை ஏற்றுக்கொண்டார்கள். கானுக்கு மம்பட்டி போதாது என்றாள் சுமித்ரா. அதைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்குவது என் பொறுப்பு என்றாள் செலினா. இராமசாமி குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

"தையலுக்குப் போகலயா நீ?" என்று சுமித்ராவை நடக்கும்போது கேட்டாள்.

"போவேன் அக்கா. இப்ப இல்ல. இந்த மட்டம் ஒரு ஒழுங்குக்கு வரட்டும்." குச்சியைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

பாறைமலையில் ஆள் பிரிந்தபோது சின்னம்மா இடுப்பில் கை வைத்து எண்ணிப் பார்த்தாள். கானுக்கு ஆள் போனதில் மேல்மூலையில் ஒரு நிரைக்கு ஆள் இல்லை. அட்டை மொய்க்கிற மூலை. யாருக்கும் பிடிக்காத இடம்.

"செலினா!" என்று கூப்பிட்டாள். "ஒனக்கு இன்னிக்குக் கூடை இருக்கா?"

"இருக்கு அக்கா."

"அப்ப அந்த மேல்மூலைக்குப் போ. சும்மா நின்னு எங்களப் பாத்துக்கிட்டு நிக்காத."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணிக்கு நிரை பிரித்துக் கொடுக்கிறாளே இவள்!

செலினா கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் சரித்துக்கொண்டு ஏறினாள். மூலைக்குப் போய் முதல் செடியில் கை வைத்தாள். எத்தனை நாளாயிற்று. விரலுக்கு மறக்கவில்லை. கீழே மம்பட்டிச் சத்தம் கேட்டது. பிரேமலதா பால் கொடுக்க இறங்குகிறாள். யாரோ யாரையோ ஏசுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

"கங்காணி!" கீழேயிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. "கை ஓடுதா?"

"ஓடுதுக்கா" என்று செலினா திருப்பிக் கத்தினாள். காலில் ஏறிய அட்டையைக் குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போனாள்.